லிஸ்ட்டை இண்டெக்ஸ் வைத்துச் சுற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வார இறுதிகளில் பைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். "அண்ணா, கோடு சரியாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிக்கும். கீழே ஒரு லூப், லூப்புக்குள் சதுர அடைப்பு, அதற்குள் ஒரு ஐ, அதாவது லிஸ்ட்டில் எந்த இடம் என்று சொல்லும் எண் (இண்டெக்ஸ்). எரர் எந்த வேஷத்தில் வந்தாலும் உள்ளே நடந்தது அநேகமாக ஒன்றுதான்: எண் ஒரு வழியில் போயிருக்கும், லிஸ்ட் வேறு வழியில் போயிருக்கும். இரண்டும் எந்தச் சுற்றில் பிரிந்தன என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோடு பற்றி ஒரு வார்த்தை. போனில் வாசித்துக் காட்டுவது போல, கட்டளைச் சொற்களை ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். ஃபார், இன், ரேஞ்ச், லென், பிரிண்ட் ஆகியவற்றை நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே விட்டுவிடலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ஆம், 'ஐ' என்ற ஒற்றைத் தமிழ் எழுத்தும் செல்லும்.

நமக்கு வேண்டிய லிஸ்ட் இது:

நிலையங்கள் = ["தாம்பரம்", "சானடோரியம்", "குரோம்பேட்டை", "பல்லாவரம்", "திரிசூலம்"]

எதுவானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

எரர் காட்டும் வரிக்கு முந்தைய வரியில் ஒரு பிரிண்ட் போடுங்கள்:

    பிரிண்ட்(ஐ, லென்(நிலையங்கள்))

முந்தைய வரியில். பிந்தைய வரியில் போட்டுவிட்டு "ஒண்ணுமே வரலையே" என்று கேட்பவர்கள் உண்டு; விழுந்த வரிக்குப் பின்னால் இருப்பது எப்படி ஓடும்? இந்த இரண்டு எண்களும் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். நீளம் மாறாமல் ஐ மட்டும் எல்லை தாண்டினால் ஒரு வகை. நீளமே குறைந்துகொண்டு வந்தால் வேறு வகை. அடுத்து, பெரிய லிஸ்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வெறும் லிஸ்ட், ஒரே ஒரு உருப்படி, இரண்டு உருப்படி என்று மூன்று முறை ஓட்டுங்கள். ஆயிரம் வரி டேட்டாவில் ஒளிந்திருக்கும் பிழை இரண்டு உருப்படியில் அம்மணமாக நிற்கும்.

அறிகுறி: நன்றாக ஓடி, கடைசிச் சுற்றில் 'லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்'

ஐந்து உருப்படி இருந்தால் எண்கள் 0 முதல் 4 வரை. 5 என்ற இடம் கிடையாது. ரேஞ்ச்(லென்(நிலையங்கள்)) தானாகவே 4-இல் நின்றுவிடும். "கடைசி விட்டுப்போகுமே" என்ற பயத்தில் யாரோ +1 சேர்த்திருப்பார்கள். ஒயில் லூப் என்றால் 'சிறியது' போட வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' இருக்கும். எடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

+1 எங்கே என்று தேடியும் கிடைக்கவில்லையா? லூப்பின் தலையை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்:

    ஃபார் ஐ இன் ரேஞ்ச்(லென்(நிலையங்கள்)):
        பிரிண்ட்(நிலையங்கள்[ஐ], நிலையங்கள்[ஐ+1])

தாம்பரம் சானடோரியம், சானடோரியம் குரோம்பேட்டை என்று நான்கு வரி அழகாக அச்சாகும். ஐந்தாவது சுற்றில் திரிசூலத்துக்கு அடுத்ததைக் கேட்கிறீர்கள், லிஸ்ட்டில் இல்லை. ஐந்து நிலையத்துக்கு நடுவே நான்கு இடைவெளிதான். வேலி போடுகிறவர் பத்து கம்பத்துக்கு ஒன்பது கண்ணி என்று யோசிக்காமலே சொல்லிவிடுவார்; நாம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். ரேஞ்ச்(லென்(நிலையங்கள்) - 1) என்று மாற்றினால் சரியாகும். எனக்குப் பிடித்தது எண்ணே இல்லாத வடிவம் (ஸிப் இரண்டு லிஸ்ட்டிலிருந்தும் ஜோடி ஜோடியாக எடுத்துத் தரும்; [1:] என்பது முதல் உருப்படியை விட்ட மீதி):

    ஃபார் இது, அடுத்தது இன் ஸிப்(நிலையங்கள், நிலையங்கள்[1:]):

எண்ணிக்கை ஏன் 0-இல் தொடங்கி, மேல் எல்லையைத் தொடாமல் நிற்க வேண்டும்? கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது என்று வைத்தால் இரண்டின் கழித்தலே நீளம். ஒரு துண்டு முடியும் எண்ணிலேயே அடுத்த துண்டு தொடங்கும். ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மேசா மொழியில் எல்லைகளை நான்கு விதமாகவும் எழுத முடிந்தது. மற்ற மூன்று விதங்களும் ஓயாமல் தவறுகளுக்கு இடம் கொடுத்தன என்று அந்த அனுபவத்தையும் அவர் சாட்சிக்கு இழுக்கிறார்.

அறிகுறி: எரர் இல்லை, முதல் வரி மட்டும் உளறுகிறது

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. எரர் வராததால் அதைவிட ஆபத்தானது. மின்சார மீட்டர் அளவுகள் 4210, 4385, 4602 என்று இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்க, அளவு[ஐ] - அளவு[ஐ-1] என்று எழுதி, லூப்பை 0-இலிருந்து ஓட்டுகிறீர்கள். ஐ 0 ஆக இருக்கும்போது ஐ-1 என்பது -1. பைத்தானில் -1 என்றால் கடைசி உருப்படி. ஆக முதல் விடை 4210 - 4602 = -392. அடுத்தவை 175, 217.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: பூஜ்யம். எந்த அளவுகளைப் போட்டாலும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறீர்கள். வித்தியாசங்களின் மொத்தம் சுத்தமாகப் பூஜ்யமாகிவிட்டால் வேறெங்கும் தேடாமல் ஐ-1 இருக்கும் வரிக்குப் போங்கள். லூப்பை ரேஞ்ச்(1, லென்(அளவு)) என்று 1-இலிருந்து தொடங்கினால் போதும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. சரத்தில் ஒன்றைத் தேடும் ஃபைண்ட், கிடைக்காவிட்டால் -1 தரும். அதைச் சோதிக்காமல் அப்படியே இண்டெக்ஸாகப் போட்டால் கடைசி எழுத்து வந்து நிற்கும். தேடியது கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வீர்கள்.

அறிகுறி: நீக்கச் சொன்னது பாதிதான் நீங்குகிறது, அல்லது நடுவில் விழுகிறது

வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். மதிப்பெண்கள் = [35, 0, 0, 82, 0]. பூஜ்யங்களைத் தூக்க வேண்டும்.

    ஃபார் ஐ இன் ரேஞ்ச்(லென்(மதிப்பெண்கள்)):
        இஃப் மதிப்பெண்கள்[ஐ] == 0:
            மதிப்பெண்கள்.பாப்(ஐ)

பேப்பர் எடுத்து ஒவ்வொரு சுற்றாக எழுதுங்கள். ஐ 0: அங்கே 35, ஒன்றும் இல்லை. ஐ 1: பூஜ்யம், தூக்கியாயிற்று. இப்போது லிஸ்ட் [35, 0, 82, 0]. இரண்டாவது பூஜ்யம் 1-ஆம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஐ அந்த இடத்தைக் கடந்து 2-க்குப் போய்விட்டது. அங்கே 82. ஐ 3: பூஜ்யம், தூக்கியாயிற்று, லிஸ்ட் [35, 0, 82]. ஐ 4: அப்படி ஓர் இடமே இல்லை, எரர். ரேஞ்ச் தன் எல்லையை லூப் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் கணக்கிடும். நீங்கள் நடுவில் லிஸ்ட்டைக் கரைத்தது அதற்குத் தெரியாது.

"இண்டெக்ஸ்தானே பிரச்சினை" என்று அதை எடுத்துவிட்டு, 'ஃபார் மா இன் மதிப்பெண்கள்' போட்டு, மதிப்பெண்கள்.ரிமூவ்(மா) என்று எழுதுவது அடுத்த கட்டம். எரர் போய்விடும். கையில் மிஞ்சுவது [35, 82, 0]. உள்ளுக்குள் பைத்தான் ஓர் எண்ணை வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதோடு ரிமூவ் எப்போதும் முதலில் தென்படும் பூஜ்யத்தைத்தான் தூக்கும். கடைசிப் பூஜ்யத்தின் மேல் நின்றுகொண்டு நீக்கு என்றால், நடுவில் தப்பித்தது போகும், காலடியில் இருப்பது தங்கும்.

மருந்து இரண்டு. ஒன்று, கடைசியிலிருந்து முன்னால் வருவது: ரேஞ்ச்(லென்(மதிப்பெண்கள்) - 1, -1, -1). பின்னால் இருப்பவை நகர்ந்தால் நகரட்டும், அவற்றை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மற்றது, புது லிஸ்ட் கட்டுவது:

    மதிப்பெண்கள் = [மா ஃபார் மா இன் மதிப்பெண்கள் இஃப் மா != 0]

இரண்டாவதைத்தான் எப்போதும் பரிந்துரைப்பேன். முதலாவதைத் தெரிந்துகொள்வது பிறர் எழுதிய கோடைப் படிக்க. ஒரு எச்சரிக்கை: அதே லிஸ்ட்டை வேறொரு மாறியும் பிடித்துக்கொண்டிருந்தால் புது லிஸ்ட் அதற்குப் போய்ச் சேராது. அப்போது இடப்பக்கம் மதிப்பெண்கள்[:] என்று எழுதுங்கள்.

ஜாவாக்காரர்களுக்கு இதே தவறு ஃபார்-ஈச் லூப்பில் 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன்' என்று வரும். கத்துகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கடைசிக்கு முந்தைய உருப்படியை நீக்கினால் ஜாவாவும் சத்தம் போடாமல் லூப்பை முடித்துவிட்டு, கடைசி உருப்படியைப் பார்க்காமலே போய்விடும். ரிமூவ்இஃப் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: டைப்எரர்

'இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் இட்ரபிள்' என்றால் ரேஞ்சை மறந்துவிட்டு ஃபார் ஐ இன் லென்(...) என்று எழுதியிருக்கிறீர்கள்.

'லிஸ்ட் இண்டைசஸ் மஸ்ட் பி இன்டிஜர்ஸ்' என்று தொடங்கினால் ஃபார் ஐ இன் நிலையங்கள் என்று எழுதிவிட்டு உள்ளே நிலையங்கள்[ஐ] கேட்கிறீர்கள். ஐ ஏற்கெனவே "தாம்பரம்". அதை எண்ணாக நினைத்துக்கொண்டீர்கள். இந்த எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள். லிஸ்ட்டில் சொற்களுக்குப் பதில் சின்னச் சின்ன எண்கள் இருந்திருந்தால் எரரே வராமல் தப்பான விடை வந்திருக்கும்.

அறிகுறி: லூப் நிற்கவே இல்லை

ஒயில் லூப்பில் 'கன்டின்யூ' (மீதி வரிகளை விட்டு அடுத்த சுற்றுக்குத் தாவும் கட்டளை) இருக்கிறதா? அதற்கு முன் ஐ-யைக் கூட்டினீர்களா? தொண்ணூறு சதவீதம் விடை அங்கேயே.

லூப்புக்குள் லூப் போட்டு இரண்டுக்கும் ஐ என்றே பெயர் வைத்திருந்தால், சி மொழியில் வெளி லூப் முடியாமல் சுற்றலாம், பாதியில் முடியவும் செய்யலாம். பைத்தானில் சுற்று எண்ணிக்கை கெடாது. ஆனால் உள் லூப் முடிந்தபின் ஐ-யில் இருப்பது உள்ளே விட்டுச்சென்ற மதிப்பு. உள் லூப்புக்கு முன் இருக்கும் வரிகள் சரி, பின் இருப்பவை தப்பு என்றால் இதுதான்.

சி-யில் பின்னோக்கிச் சுற்றும்போது இன்னொரு பொறி. ஐ-யின் வகை சைஸ்_டி, நிபந்தனை 'ஐ பூஜ்யம் அல்லது அதற்கு மேல்'. குறி இல்லாத அந்த வகை பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. 0-இலிருந்து 1 கழித்தால் 64 பிட் கணினியில் 18446744073709551615 ஆகிவிடும். பிரிண்டில் இந்தப் பூதம் தெரிந்தால் காரணம் தேட வேண்டாம். ஐ-யை நீளத்தில் தொடங்கி, நிபந்தனையில் 'ஐ-- > 0' என்று எழுதுங்கள்.

அறிகுறி: பெயர் ஒருவருடையது, நம்பர் வேறொருவருடையது

முன்பு ஓரிடத்தில் வேலை பார்த்தபோது நானே செய்தது. பெயர்கள் ஒரு லிஸ்ட், போன் நம்பர்கள் இன்னொரு லிஸ்ட். ஒரே ஐ வைத்து இரண்டிலும் எடுத்து மெசேஜ் அனுப்பும் லூப். அகர வரிசையில் அறிக்கை கேட்டார்கள் என்று பெயர்கள்.சார்ட்() என்று ஒரு வரி மேலே சேர்த்தேன். பெயர்கள் வரிசையானது, நம்பர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அன்று மாலை ஒருவருடைய நிலுவைத் தொகை இன்னொருவர் போனுக்குப் போனது. எரர் இல்லை, லாகில் எல்லாம் பச்சை. மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

இணையாக இரண்டு லிஸ்ட் வைத்திருந்தால் சார்ட், பாப், இன்சர்ட் மூன்றையும் கோடு முழுக்கத் தேடுங்கள். ஒன்றில் மட்டும் நடந்திருந்தால் அங்கே பிரிந்தது. நிரந்தரத் தீர்வு, பெயரையும் நம்பரையும் ஒரே உருப்படியாகக் கட்டி ஒரே லிஸ்ட்டில் வைப்பது. அதுவரை ஸிப் போதும். ஆனால் நீளம் வேறுபட்டால் ஸிப் குட்டை லிஸ்ட்டோடு மௌனமாக நின்றுவிடும், பைத்தான் 3.10 முதல் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ கொடுத்தால் எரர் தரும். கொடுங்கள்.

அறிகுறி: பைத்தானில் சரி, வேறு மொழியில் தப்பு

ஜாவாஸ்கிரிப்ட் எல்லை தாண்டினாலும் எரர் தராது, 'அன்டிஃபைன்ட்' தரும். அது கணக்குக்குள் புகுந்து பத்து வரி தள்ளி 'நேன்' (நாட் எ நம்பர், 'எண்ணே அல்ல') என்று தலைகாட்டும். ஃபார்-இன் லூப்பில் வரும் எண் உண்மையில் சரம், ஆகவே ஐ+1 என்பது "01". ஃபார்-ஆஃப் போடுங்கள்.

லுவா, ஆர், மேட்லேப், ஜூலியா, ஃபோர்ட்ரான் ஆகியவற்றில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும். ஆர்-இல் ஒரு வினோதம் உண்டு: லிஸ்ட் காலி, ஆனால் லூப் இரண்டு முறை ஓடுகிறது. காரணம், 1:லெங்த்(எக்ஸ்) என்பது 1:0 ஆகி, "1-இலிருந்து 0 வரை இறங்கு" என்று அது புரிந்துகொள்கிறது. சீக்_அலாங் எழுதினால் போய்விடும்.

சி-யில் எல்லை தாண்டிப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. "என் மெஷின்ல ஓடுது" என்பது சான்று ஆகாது. அட்ரஸ் சானிடைசரை இயக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள், எந்த வரி என்று அதுவே காட்டும்.

ஜாவாவில் விடை சரி, ஆனால் ஆமை வேகம் என்றால், அந்த லிஸ்ட் லிங்க்ட்லிஸ்ட்டா (உருப்படிகளைச் சங்கிலியாகக் கோத்த வகையா) என்று பாருங்கள். கெட்(ஐ) ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள முனையிலிருந்து நடந்து வரும். ஒரு லட்சம் உருப்படிக்குச் சராசரியாக 25,000 எட்டு, மொத்தம் 250 கோடி. ஃபார்-ஈச் போட்டால் ஒரு லட்சம் எட்டில் முடியும்.

அறிகுறி: தமிழ்ப் பெயரைச் சுற்றினால் எழுத்து உடைகிறது

அப்பா பெயர் முருகன். இனிஷியல் எடுக்க அப்பா[0] எழுதினால் 'மு' வர வேண்டும், வருவது 'ம'. கோபாலுக்கு 'கோ' வராமல் 'க'. அடையாள அட்டையில் பெயரை 9-இல் வெட்டினால் கார்த்திக் 'கார்த்திக' ஆகிறார், புள்ளி போய்விட்டது. லூப் போட்டு அச்சடித்தால் காரணம் தெரியும். "தமிழ்" என்ற சொல்லுக்கு லென் 5 என்கிறது:

0 த
1 ம
2 ி
3 ழ
4 ்

நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி. உயிர்மெய்யில் மெய் ஓர் இடம், உயிர்க்குறி ஓர் இடம். புள்ளிக்குத் தனி இடம். இங்கே இண்டெக்ஸ் எதையும் தவறவிடவில்லை. நாம் எழுத்தை எண்ணுகிறோம், அது குறியை எண்ணுகிறது. கோ மொழியில் ரேஞ்ச் போட்டுச் சுற்றினால் எண்கள் 0, 3, 6, 9, 12 என்று குதிக்கும். அது பைட் கணக்கு, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்.

சுற்றுவதற்கு முன் குறிகளை எழுத்துகளாகச் சேர்த்துவிடுங்கள்:

    இம்போர்ட் யூனிகோட்டேட்டா
    எழுத்துகள் = []
    ஃபார் கு இன் பெயர்:
        இஃப் எழுத்துகள் அண்ட் யூனிகோட்டேட்டா.கேட்டகரி(கு).ஸ்டார்ட்ஸ்வித்("எம்"):
            எழுத்துகள்[-1] += கு
        எல்ஸ்:
            எழுத்துகள்.அப்பெண்ட்(கு)

மேற்கோளுக்குள் இருக்கும் எம், ஆங்கிலப் பெரிய எழுத்து. ஒட்டுக்குறி எதுவானாலும் அதன் வகைப்பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும். இங்கே -1 கடைசி உருப்படியைத் தருவது நமக்கு உதவியாகவே இருக்கிறது. முன்னால் அதைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எழுத்துகள்[0] முருகனுக்கு 'மு', கோபாலுக்கு 'கோ'. கையால் எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது.

"கொடி"க்கு ஒரு ஃபைலில் நீளம் 4, இன்னொன்றில் 5 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். மேலே உள்ள லூப் இரண்டுக்கும் இரண்டு எழுத்து என்றே சொல்லும். ஆனால் இரண்டு சொற்களையும் ஒப்பிட வேண்டுமானால் முதலில் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) கொண்டுவாருங்கள்.

இந்த லூப் கைவிடும் இடம் ஒன்று உண்டு: லக்ஷ்மி. ல, க், ஷ், மி என்று நான்காகப் பிரித்துவிடும். க்ஷ ஒரே எழுத்தாக வேண்டும் என்றால், கடைசி உருப்படி 'க்' ஆக இருந்து அடுத்து 'ஷ' வந்தால் அதையும் ஒட்டு என்று இன்னொரு நிபந்தனை சேர்க்க வேண்டும். பக்ஷணம், அக்ஷயா, லக்ஷ்மி மூன்றையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு சேவ் பண்ணுங்கள்.